‘போதும், திரும்பலாம்’ என்று சொல்வது யார்?

பியாஸ் நதி இமாசலத்தின் மலைகளில் பிறந்து பஞ்சாபில் சட்லெஜுடன் கலக்கிறது. அந்த ஒரே நதி, 19 ஆண்டு இடைவெளியில், இரண்டு மாணவர் குழுக்களைப் பலிகொண்டது. 1995-இல் பஞ்சாபின் பதான்கோட் பகுதியில் உள்ள ஒரு தனியார் பள்ளி, தன் மாணவர்களை ஆற்றங்கரைக்கு உல்லாசப் பயணமாக அழைத்துச் சென்றது. 14 சிறுவர்கள் நீரில் மூழ்கி இறந்தனர். 2014 ஜூன் 8 அன்று இமாசலத்தின் மண்டி மாவட்டத்தில், லார்ஜி அணையிலிருந்து திறந்துவிடப்பட்ட நீர், ஆற்றில் இறங்கி நின்றிருந்த ஹைதராபாத் பொறியியல் கல்லூரி மாணவர்கள் 24 பேரையும், உடன் சென்ற பயண ஏற்பாட்டாளர் ஒருவரையும் அடித்துச் சென்றது.

இவ்விரண்டுக்கும் இடையே, 2007 பிப்ரவரியில், கேரளத்தின் தட்டேக்காட்டில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து பள்ளி மாணவர்கள் 15 பேரும் ஆசிரியைகள் மூவரும் உயிரிழந்தனர். 2024 ஜனவரி 18 அன்று குஜராத்தின் வதோதராவில் ஹர்ணி ஏரியில் படகு கவிழ்ந்ததில் மாணவர்கள் 12 பேரும் ஆசிரியைகள் இருவரும் மாண்டனர். இவ்விரு படகுகளிலும் அளவுக்கு மீறி ஆட்கள் ஏற்றப்பட்டிருந்தது பின்னர் தெரியவந்தது.

ஒவ்வொரு துயரத்துக்குப் பின்னரும் நம் நாட்டில் நடப்பவை ஏறத்தாழ ஒரே வரிசையில் அமைகின்றன. படகோட்டி அல்லது ஒப்பந்ததாரர் கைது செய்யப்படுகிறார். இழப்பீடு அறிவிக்கப்படுகிறது. பள்ளிச் சுற்றுலாக்களுக்குச் சில மாதங்கள் தடை விதிக்கப்படுகிறது, அல்லது கடும் நிபந்தனைகளுடன் சுற்றறிக்கை அனுப்பப்படுகிறது. அடுத்த கல்வியாண்டில் பேருந்துகள் மீண்டும் புறப்படுகின்றன. சுற்றறிக்கை கோப்பில் இருக்கிறது. ஆற்றங்கரையில் நிற்கும் ஆசிரியரின் கையில் அது இல்லை.

ஏன் இப்படி நேர்கிறது? ‘அலட்சியம்’ என்ற ஒரு சொல்லில் நாம் விடையை முடித்துக்கொள்கிறோம். அலட்சியம் உண்மைதான். ஆயினும், நாட்டின் வெவ்வேறு மூலைகளில், வெவ்வேறு மொழி பேசும், ஒருவரையொருவர் அறியாத மனிதர்கள் ஒரே விதமாக அலட்சியம் காட்டுகிறார்கள் என்றால், அதைத் தனிமனிதக் குணக்கேடு என்று மட்டும் கொள்வதற்கில்லை. அவர்கள் அனைவரையும் ஒரே திசையில் தள்ளும் ஏற்பாடு ஒன்று இருக்க வேண்டும். பொருளியல் கற்பித்தவன் என்ற முறையில் நான் தேடுவது அந்த ஏற்பாட்டைத்தான்.

முடிவெடுப்பவர் ஒருவர், சுமப்பவர் வேறொருவர்

ஒரு பள்ளிச் சுற்றுலாவில் எத்தனை தரப்பினர் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்ப்போம். எங்கே போவது என்று தீர்மானிப்பது பள்ளி நிர்வாகம். பணம் கொடுப்பவர் பெற்றோர். படகையும் கயிற்றையும் கூடாரத்தையும் தருபவர் ஏற்பாட்டாளர். களத்தில் உடன் நிற்பவர் ஆசிரியர். ஆபத்தைத் தன் உடலால் சுமப்பது குழந்தை. இந்த ஐந்து தரப்பில், குழந்தைக்கு மட்டும் எந்த முடிவிலும் பங்கில்லை. தன் செயலின் விளைவைத் தானே சுமக்காதவர் எடுக்கும் முடிவில் எச்சரிக்கை குறையும் என்பது பொருளியலின் அரிச்சுவடி.

இரண்டாவது சிக்கல் தகவல் பற்றியது. அமெரிக்கப் பொருளியலறிஞர் ஜார்ஜ் அக்கர்லாஃப் 1970-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், பழைய கார்களின் சந்தையை எடுத்துக்கொண்டு ஓர் உண்மையை விளக்கினார். விற்பவருக்குத் தெரிந்த தரம் வாங்குபவருக்குத் தெரியாதபோது, நல்ல சரக்குக்கு உரிய விலை கிடைக்காது. நாளடைவில் மட்டமான சரக்கே சந்தையில் மிஞ்சும். சாகச முகாம்களின் சந்தை இதற்குச் சற்றும் குறைந்ததன்று. பயிற்சி பெற்ற மீட்பு வீரரை வைத்திருக்கும் ஏற்பாட்டாளரும், நேற்று வேலைக்குச் சேர்ந்த இளைஞருக்கு ஒரு சட்டையை மாட்டிவிட்டு ‘பயிற்றுநர்’ என்று நிறுத்தும் ஏற்பாட்டாளரும், விளம்பரத் தாளில் ஒன்றுபோலவே காட்சியளிக்கிறார்கள். பெற்றோர் கண்ணுக்குத் தெரிவது கட்டணம் மட்டுமே. விலைப்புள்ளிகளை ஒப்பிடும் பள்ளி, 1,800 ரூபாய் கேட்பவரை விட்டு 1,400 ரூபாய் கேட்பவரைத் தேர்வு செய்கிறது. அந்த 400 ரூபாயில்தான் மீட்பு வீரரின் சம்பளம் இருந்தது என்பது யாருக்கும் தெரிவதில்லை.

மூன்றாவது சிக்கலை நான் எல்லாவற்றிலும் முதன்மையாகக் கருதுகிறேன். தொடர்ந்து செல்வதற்கு ஆகும் செலவு கண்ணுக்குத் தெரிவதில்லை. நிறுத்துவதற்கு ஆகும் செலவோ உடனே, ரூபாயில், பலர் முன்னிலையில் தெரிகிறது. வானம் இருண்டிருக்கிறது, ஆறு சற்றே கலங்கி ஓடுகிறது. ‘இன்று வேண்டாம், திரும்பலாம்’ என்று ஓர் ஆசிரியர் சொன்னால் என்ன நிகழும்? கட்டிய முன்பணம் திரும்பாது. பேருந்து வாடகை வீண். ஆறு மாதமாகக் காத்திருந்த பிள்ளைகளின் முகம் வாடும். பெற்றோர் கேள்வி கேட்பர். நிர்வாகம் முகம் சுளிக்கும். மறுநாள் வானம் வெளுத்து, எதுவும் நேரவில்லை என்றால், ‘தேவையில்லாமல் பயந்தவர்’ என்ற பெயர் அவருக்கு மிஞ்சும். அவர் தடுத்த விபத்து நிகழவில்லை. ஆகவே அவர் தடுத்தார் என்பதை எவராலும் மெய்ப்பிக்க முடியாது.

மாறாக, அவர் ‘போகலாம்’ என்று சொன்னால், இருபதில் பத்தொன்பது முறை ஒன்றும் ஆகாது. இந்தப் பத்தொன்பது முறையும் அவருக்கும் படகோட்டிக்கும் தவறான பாடத்தைக் கற்பிக்கின்றன. ‘எத்தனை வருஷமா ஓட்டுறோம், ஒண்ணும் ஆகாது’ என்ற சொல் பொய்யன்று, அனுபவத்திலிருந்து வந்ததுதான். அரிதாக நிகழும் பேரிடரைப் பொறுத்தவரை, அனுபவமே நம்மை ஏமாற்றும் ஆசான் ஆகிவிடுகிறது. அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றும் படகோட்டி ஒவ்வொரு முறையும் ஒரு நடையின் எரிபொருளையும் அரை மணி நேரத்தையும் மிச்சப்படுத்துகிறார். அந்த மிச்சம் அன்றே அவர் கைக்கு வந்துவிடுகிறது.

நீதிமன்றம் எட்டும் தூரம்

இங்கே சட்டம் என்ன செய்கிறது? 1947-இல் அமெரிக்காவின் புகழ்பெற்ற நீதிபதி லேர்னட் ஹேண்ட், நியூயார்க் துறைமுகத்தில் கட்டு அவிழ்ந்து மூழ்கிய ஒரு சரக்குப் படகு தொடர்பான வழக்கில் எளிய அளவுகோல் ஒன்றைத் தந்தார். முன்னெச்சரிக்கைக்கு ஆகும் செலவு, விபத்து நேரும் வாய்ப்பையும் நேர்ந்தால் விளையும் இழப்பையும் பெருக்கி வரும் தொகையைவிடக் குறைவாக இருந்தால், அந்த முன்னெச்சரிக்கையைச் செய்யாதவர் கவனக்குறைவுக்குப் பொறுப்பாவார் என்பதே அது. படகில் ஆள் இருந்திருக்க வேண்டிய நேரத்தில் ஆள் இல்லை என்பது அந்த வழக்கின் மையம்.

இந்த அளவுகோலை லைஃப் ஜாக்கெட் எனப்படும் உயிர்காப்பு உடைக்குப் பொருத்திப் பார்க்கலாம். ஓர் உடையின் விலை 1,500 ரூபாய் என்றும், அது 300 முறை பயன்படும் என்றும் கொள்வோம். ஒரு குழந்தைக்கு ஒரு சவாரிக்கு ஆகும் செலவு ஐந்து ரூபாய். ஒரு மிட்டாயின் விலை. அதற்கு எதிர்த்தட்டில் இருப்பது ஓர் உயிர். இந்தக் கணக்குக்குப் பொருளியல் முனைவர் பட்டம் தேவையில்லை.

நம் நீதிமன்றங்கள் இத்தகைய பொறுப்பை உறுதியாகவே நிலைநாட்டியுள்ளன. 1995 துயரம் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் 2001-இல் தீர்ப்பளித்தது. ஆசிரியர்களின் கவனக்குறைவுக்குப் பள்ளி பொறுப்பேற்க வேண்டும் என்ற கொள்கையை ஏற்று, ஒவ்வொரு குழந்தையின் பெற்றோருக்கும் 5 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கச் சொன்ன உயர் நீதிமன்றத்தின் ஆணையை அது உறுதிசெய்தது. 2014 துயரம் தொடர்பான வழக்கில் இமாசல உயர் நீதிமன்றம் 2016-இல், ஒவ்வொரு மாணவரின் குடும்பத்துக்கும் 20 லட்சம் ரூபாய் வழங்க ஆணையிட்டது. அந்தத் தொகையில் 60 விழுக்காட்டை மின் வாரியமும், 30 விழுக்காட்டைக் கல்லூரியும், 10 விழுக்காட்டை மாநில அரசும் ஏற்க வேண்டும் என்று பகிர்ந்தளித்தது.

இந்தப் பகிர்வு கூர்ந்து நோக்கத்தக்கது. விபத்தை மிகக் குறைந்த செலவில் தடுத்திருக்கக் கூடியவர் யாரோ அவர் மீதே பெரும் பொறுப்பை வைக்க வேண்டும் என்பது சட்டப் பொருளியலில் நெடுங்காலமாகப் பேசப்படும் கருத்து. அணையைத் திறப்பவருக்கு, ஒரு சங்கொலியும் கரையில் ஒரு காவலரும் போதும். மாணவருக்கோ மலைக்கு மேலே என்ன நடக்கிறது என்று அறியும் வழியே இல்லை. அதே வேளையில், அழைத்துச் சென்ற கல்லூரியையும் நீதிமன்றம் விடுவிக்கவில்லை. ‘அணை அவர்களுடையது’ என்று அது ஒதுங்கிக்கொள்ள முடியவில்லை.

பள்ளிகள் பெற்றோரிடம் கையொப்பம் வாங்கும் ஒப்புதல் கடிதத்தைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். ‘பயணத்தில் எது நேர்ந்தாலும் பள்ளி பொறுப்பல்ல’ என்ற வாசகம் பல கடிதங்களில் உள்ளது. இந்தக் காகிதம் தங்களைக் காக்கும் என்று நிர்வாகங்கள் நம்புகின்றன. குழந்தையைக் கவனமாகப் பார்த்துக்கொள்ளும் கடமை இப்படி ஒரு கையொப்பத்தால் கரைந்துவிடாது. அந்த வாசகத்தால் விளையும் ஒரே பயன், பெற்றோர் கேள்வி கேட்காமல் இருப்பது. அது பள்ளிக்கும் நல்லதன்று.

ஆயினும் இழப்பீட்டுத் தீர்ப்புகளுக்கு ஓர் எல்லை உண்டு. 1995-க்கும் 2001-க்கும் இடையே ஆறு ஆண்டுகள். நீதிமன்றம் தரும் தண்டனை, ஏரிக்கரையில் ஒரு மாலைப் பொழுதில் முடிவெடுப்பவரின் கண்முன் வருவதில்லை. அவர் கண்முன் நிற்பது அன்றைய வசூலும், காத்திருக்கும் வரிசையும்தான். ஆகவே, விபத்துக்குப் பின் வரும் சட்டத்தோடு, விபத்துக்கு முன் வரும் ஒழுங்குமுறையும் வேண்டும்.

இரு நாடுகள் கற்ற பாடம்

இங்கிலாந்து இதை ஒரு துயரத்தின் வழியாகவே கற்றது. 1993 மார்ச் 22 அன்று, பிளைமத் நகரப் பள்ளி மாணவர்கள் எட்டுப் பேர், தம் ஆசிரியருடனும் பயிற்றுநர்கள் இருவருடனும் லைம் விரிகுடாவில் சிறு துடுப்புப் படகுகளில் கடலோரமாகப் புறப்பட்டனர். ஆசிரியரின் படகு தடுமாறியது; அவருக்கு உதவ ஒரு பயிற்றுநர் பின்தங்கினார். மாணவர்கள் மற்றொரு பயிற்றுநருடன் காற்றில் கடலுக்குள் இழுத்துச் செல்லப்பட்டனர். குறித்த நேரத்தில் குழு திரும்பாத பின்னும், கடலோரக் காவல் படைக்குத் தகவல் செல்ல மணிக்கணக்கில் தாமதமானது. நான்கு மாணவர்கள் இறந்தனர்.

வழக்கு விசாரணையில் ஓர் உண்மை வெளிவந்தது. அந்த மையத்தில் முன்பு பணியாற்றிய பயிற்றுநர்கள் இருவர், பாதுகாப்பு ஏற்பாடுகள் போதவில்லை என்றும், இப்படியே போனால் ஒரு நாள் யாரோ ஒருவரின் பிள்ளை வீடு திரும்பாது என்றும் நிர்வாகத்துக்கு முன்கூட்டியே கடிதம் எழுதியிருந்தனர். எச்சரிக்கை இருந்தது, அதற்குச் செவிசாய்க்க வேண்டிய கட்டாயம் எவருக்கும் இல்லை. 1994-இல் அந்த நிறுவனமும் அதன் மேலாண்மை இயக்குநரும் மரணம் விளைவித்த குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டனர். ஒரு நிறுவனமே இத்தகைய குற்றத்துக்குத் தண்டிக்கப்பட்டது ஆங்கிலச் சட்ட வரலாற்றில் அதுவே முதல் முறை. அடுத்த ஆண்டே நாடாளுமன்றம், இளையோருக்கான சாகச மையங்களுக்கு உரிமம் வழங்கும் சட்டத்தை இயற்றியது. குகை நுழைவு, பாறையேற்றம், மலைநடை, நீர் விளையாட்டு ஆகிய நான்கையும் 18 வயதுக்குட்பட்டோருக்குக் கட்டணத்துக்கு நடத்துவோர், ஆய்வுக்கு உட்பட்டு உரிமம் பெற்றாக வேண்டும் என்றானது.

நியூசிலாந்தின் பாடம் வேறு வகையானது. 2008 ஏப்ரல் 15 அன்று மங்கடெபோபோ ஆற்றுப் பள்ளத்தாக்கில் திடீர் வெள்ளம் வந்து, மாணவர்கள் ஆறு பேரும் ஆசிரியர் ஒருவரும் இறந்தனர். அவர்களை அழைத்துச் சென்றது பெயரற்ற நிறுவனமன்று. எவரெஸ்ட் வீரர் எட்மண்ட் ஹிலாரியின் பெயரைத் தாங்கிய, நாடறிந்த பயிற்சி மையம். அன்றைய வானிலை அறிக்கை மையத்துக்கு முழுமையாக வந்து சேரவில்லை என்பது பின்னர் சுட்டிக்காட்டப்பட்டது. நற்பெயர் ஒன்றே பாதுகாப்புக்குப் போதாது என்று உணர்ந்த அந்நாடு, 2011-இல், சாகச நடவடிக்கைகளை நடத்துவோர் வெளியாரின் பாதுகாப்புத் தணிக்கைக்கு உட்பட்டுப் பதிவு செய்தாக வேண்டும் என்று விதித்தது.

இவ்விரு நாடுகளும் பிள்ளைகளை வீட்டுக்குள் அடைக்கவில்லை. கடலும் ஆறும் மலையும் அங்கே இன்றும் பள்ளிக் கல்வியின் பகுதியாகவே உள்ளன.

தடை தீர்வாகாது

நம்மிடையே ஒவ்வொரு விபத்துக்குப் பின்னும் எழும் முதல் குரல் ‘தடை செய்’ என்பதே. அந்தக் குரலின் வேதனையை நான் மதிக்கிறேன். ஆனால், தடையின் சுமை எல்லார் மீதும் சமமாக விழுவதில்லை. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்குக் கோடை முகாம் உண்டு. குடும்பத்தோடு மலைவாசத் தலம் உண்டு. கூலித் தொழிலாளியின் பிள்ளைக்குக் கடலையோ காட்டையோ காட்டும் ஒரே வாய்ப்பு, பெரும்பாலும் பள்ளிச் சுற்றுலாதான். அதை மூடினால் அந்தப் பிள்ளை மட்டுமே இழக்கிறது. மேலும், நீரைப் பற்றியும் பாறையைப் பற்றியும் எதுவும் கற்றிராத பிள்ளை, பதினேழு பதினெட்டு வயதில் நண்பர்களுடன் தானாகவே அருவிக்கும் அணைக்கும் போகும். அங்கே ஆசிரியரும் இல்லை, கயிறும் இல்லை.

தமிழகத்துக்கு இதில் சொந்த அனுபவம் உண்டு. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத் தீயில் சிக்கி மலையேற்றக் குழுவினர் 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவர்கள் பள்ளிக் குழுவினர் அல்லர். ஆயினும், அந்தத் துயரத்துக்குப் பின் மாநில அரசு எடுத்த வழி பள்ளிகளுக்கும் பொருந்தும். அதே ஆண்டில் மலையேற்றத்தை ஒழுங்குபடுத்தும் விதிகள் வகுக்கப்பட்டன. 2024 அக்டோபரில் ‘ட்ரெக் தமிழ்நாடு’ என்ற திட்டத்தின் கீழ் 40 மலைப்பாதைகள், பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டிகளுடன் திறக்கப்பட்டன. காட்டைப் பூட்டுவதற்கும் கட்டுப்பாடின்றித் திறந்துவிடுவதற்கும் இடையே மூன்றாவது வழி ஒன்று உண்டு என்பதற்கு இது சான்று.

அந்த வழிகாட்டியின் மதிப்பைப் பொருளியல் மொழியில் சொல்வதானால், அவரிடம் இருப்பது வேறெங்கும் விலைக்குக் கிடைக்காத தகவல். 2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் திடீர் வெள்ளம் வந்து 17 வயதுச் சிறுவன் ஒருவன் உயிரிழந்தான். அருவிக்கு அடியில் நிற்பவருக்கு மேலே காட்டில் பெய்யும் மழை தெரியாது. நீரின் நிறம் மாறுவதையும், சருகும் குச்சியும் வரத் தொடங்குவதையும் பார்த்து ‘வெளியே வாங்க’ என்று சொல்லத் தெரிந்தவர், அந்த மலையடிவாரத்தில் வாழ்பவர்.

செய்ய வேண்டியவை

கல்லூரியில் நான் பணியாற்றிய ஆண்டுகளில் களப்பயணக் கோப்புகள் பல என் மேசைக்கு வந்ததுண்டு. பேருந்தின் வாடகை, உணவுச் செலவு, பெற்றோர் கையொப்பம், பல்கலைக்கழக அனுமதி என எல்லாம் ஒழுங்காக இருக்கும். எந்தச் சூழ்நிலை வந்தால் பயணத்தை நிறுத்துவோம் என்ற ஒரு வரியை நான் அவற்றில் கண்டதில்லை. அந்த ஒரு வரியிலிருந்தே சீர்திருத்தம் தொடங்க வேண்டும் என்பது என் கருத்து.

முதலாவதாக, நிறுத்தும் அதிகாரம் ஒருவரிடம் எழுத்தில் தரப்பட வேண்டும். குழுவுடன் செல்லும் ஆசிரியர்களில் ஒருவர் பாதுகாப்புப் பொறுப்பாளர். அவர் நிறுத்தச் சொன்னால், தலைமை ஆசிரியரோ ஏற்பாட்டாளரோ அதை மீறக் கூடாது. படகில் ஏற்றும் எண்ணிக்கை, காற்று, மழை, ஆற்றின் நிலை, திரும்ப வேண்டிய நேரம் ஆகியவற்றுக்கு எல்லை முன்கூட்டியே எழுதப்பட்டிருக்க வேண்டும். ‘பார்த்துக்கொள்ளலாம்’ என்று களத்தில் முடிவெடுப்பதைவிட, முன்தினம் அமைதியாக அமர்ந்து எடுத்த முடிவு நம்பகமானது. நிறுத்தியதற்காக அந்த ஆசிரியரிடம் விளக்கம் கேட்கப்படாது என்ற உறுதியும் வேண்டும்.

இரண்டாவதாக, நிறுத்துவதன் செலவை அவர் தோளிலிருந்து இறக்க வேண்டும். நூறு குழந்தைகள், தலைக்கு 1,500 ரூபாய் என ஒரு பயணத்துக்கு 1,50,000 ரூபாய் ஆகிறது என்று கொள்வோம். கடைசி நேரத்தில் நிறுத்தினால் பாதிப் பணம், அதாவது 75,000 ரூபாய், வீணாகும் என்றும், இருபது பயணங்களில் ஒன்று இப்படி நிறுத்தப்படும் என்றும் வைத்துக்கொள்வோம். இந்த இழப்பை இருபது பயணங்களுக்கும் பகிர்ந்தால், ஒரு பயணத்துக்கு 3,750 ரூபாய். ஒரு குழந்தைக்கு 38 ரூபாய்க்கும் குறைவு. ஒரு தேநீருக்கும் வடைக்கும் ஆகும் தொகை. மாவட்ட அளவில் ஒரு பொது நிதியாக இதைத் திரட்டி, நிறுத்தப்பட்ட பயணத்தின் செலவை ஈடுசெய்யலாம். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு உரிய பங்கை அரசே செலுத்தலாம். காப்பீட்டு நிறுவனங்களும் இதை ஒரு திட்டமாக வடிவமைக்க முடியும். விபத்துக்குப் பின் பணம் தரும் காப்பீடு நம்மிடம் உண்டு. விபத்துக்கு முன் திரும்பி வருவதற்குப் பணம் தரும் காப்பீடுதான் இப்போது தேவை.

மூன்றாவதாக, உரிமம். மத்திய சுற்றுலா அமைச்சகம் 2018-இல் சாகசச் சுற்றுலாவுக்கான விரிவான வழிகாட்டு நெறிகளை வெளியிட்டுள்ளது. நெறிகள் நல்லவை, ஆனால், வழிகாட்டு நெறி என்பது அறிவுரை. குறைந்தபட்சம் 18 வயதுக்குட்பட்டோரை அழைத்துச் செல்லும் நிறுவனங்களுக்கேனும் அவற்றை மாநில அளவில் கட்டாய விதிகளாக்கி, ஆய்வு செய்து உரிமம் வழங்க வேண்டும். உரிமம் பெற்றோரின் பட்டியலும் ஆய்வு முடிவும் எவரும் பார்க்கும்படி இணையத்தில் இருக்க வேண்டும். அப்போதுதான் மலிவான விலைக்கும் நல்ல தரத்துக்கும் உள்ள வேறுபாடு பெற்றோர் கண்ணுக்குத் தெரியும். நேர்மையான ஏற்பாட்டாளரும் பிழைப்பார்.

நான்காவதாக, மயிரிழையில் தப்பிய நிகழ்வுகளின் பதிவேடு. கயிறு நழுவியது, ஒரு பிள்ளை கால் மணி நேரம் காணாமல் போனது, படகில் நீர் புகுந்தது போன்றவை இன்று பேருந்திலேயே பேசி மறக்கப்படுகின்றன. இவற்றைத் தண்டனை அச்சமின்றி எழுதி அனுப்ப முதன்மைக் கல்வி அலுவலர் அலுவலகத்தில் ஓர் ஏற்பாடு வேண்டும். விமானத் துறை இத்தகைய பதிவுகளின் மூலமே தன் பாதுகாப்பைப் பெருமளவு வளர்த்துக்கொண்டது. ஒரே ஏரியிலிருந்து மூன்று பள்ளிகள் ஒரே குறையை எழுதினால், நான்காவது பள்ளி அங்கே போகும் முன் விழித்துக்கொள்ளலாம்.

ஐந்தாவதாக, துறைகளுக்கிடையே தகவல். அணை திறக்கும் நீர்வளத் துறை, வானிலை மையம், வனத்துறை ஆகிய மூன்றிடமும் எச்சரிக்கை இருக்கிறது. ஒரு பள்ளிக் குழு எந்த நாளில் எந்த இடத்தில் இருக்கும் என்பது மாவட்ட நிர்வாகத்திடம் முன்கூட்டியே பதிவானால், அந்த எச்சரிக்கை குழுவின் பொறுப்பாளருடைய கைப்பேசிக்குச் செல்ல வழி உண்டு. இதற்கான தொழில்நுட்பம் புதிதன்று.

இரண்டு மறுப்புகள்

இவற்றுக்கு எதிராக எழக்கூடிய இரண்டு மறுப்புகளை நான் அறிவேன். ஒன்று, செலவு கூடும் என்பது. கூடும்தான். மேலே காட்டிய கணக்குகளின்படி அது ஒரு குழந்தைக்குச் சில பத்து ரூபாய்களில் அடங்கும். பயிற்சி பெற்ற பணியாளருக்கான கூடுதல் கட்டணத்தையும் சேர்த்தாலும், அதைத் தாங்க முடியாத சுற்றுலா, ஒரு நாள் குறைவாகவோ பக்கத்து ஊருக்கோ போகட்டும்.

மற்றொன்று, ஆசிரியர்கள் இனிப் பொறுப்பேற்கவே முன்வர மாட்டார்கள் என்பது. இது கனமான மறுப்பு. ஏற்கெனவே பல பணிகளைச் சுமக்கும் ஆசிரியரிடம் இதையும் ஏற்றுவதா என்று அவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால், இன்றைய நிலையில் அவர்களுக்குப் பொறுப்பு முழுவதும் உண்டு, அதிகாரம் சிறிதும் இல்லை. விபத்து நேர்ந்தால் வழக்கு அவர்கள் மீதும் வரும். தட்டேக்காட்டிலும் ஹர்ணியிலும் ஆசிரியைகள் பிள்ளைகளோடு தம் உயிரையும் இழந்தார்கள். அதிகாரத்தையும் பாதுகாப்பையும் எழுத்தில் தருவது அவர்கள் சுமையைக் கூட்டாது, குறைக்கவே செய்யும்.

அரசு விதிகள் வகுக்கக் காலம் பிடிக்கலாம். அதுவரை பெற்றோர் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. ஒப்புதல் கடிதத்தில் கையொப்பமிடும் முன் பள்ளியிடம் அவர்கள் இரண்டே கேள்விகள் கேட்கலாம். மழை வந்தாலோ ஆறு பெருகினாலோ, ‘போதும், திரும்பலாம்’ என்று சொல்லப்போகிறவர் யார்? அப்படிச் சொல்வதால் அவருக்கு என்ன இழப்பு? முதல் கேள்விக்கு ஒரு பெயரும், இரண்டாவது கேள்விக்கு ‘ஒன்றுமில்லை’ என்ற விடையும் கிடைத்தால், பிள்ளையை மகிழ்ச்சியோடு அனுப்பிவைக்கலாம்.